மூன்று பள்ளம், மூன்று காரணம்

கேள்வி: மடிப்பாக்கத்தில் 40 வீடுகள் கொண்ட அடுக்குமாடி வளாகத்தின் சங்கச் செயலாளராக இருக்கிறேன். கேட்டிலிருந்து பின்பக்கம் வரை தார்ச்சாலை, அதையொட்டித் திறந்தவெளி பார்க்கிங். போட்டு ஏழெட்டு வருடம் ஆகிறது. இப்போது மூன்று இடங்களில் பெரிய பள்ளம். கேட்டைத் தாண்டியதும் ஒன்று, தண்ணீர் லாரி நிற்கும் சம்ப் பக்கம் ஒன்று, பார்க்கிங்கில் ஒரு கார் நிற்கும் இடத்தில் ஒன்று. போன வருடம் மழைக்கு முன் கொத்தனாரை வைத்து சிமென்ட் கலவை போட்டு அடைத்தோம், டிசம்பருக்குள் பெயர்ந்துவிட்டது. இப்போது ஒரு கான்ட்ராக்டர், "ஒட்டு வேலை நிற்காது, இருப்பதன் மேலேயே ஒன்றரை இன்ச் தார் போட்டுவிடலாம்" என்கிறார். மூட்டையில் வரும் ரெடிமேட் தார்க் கலவையை நாமே வாங்கிக் கொட்டிவிடலாம் என்கிறார் ஓர் உறுப்பினர். சென்ற வாரம் இரவு ஸ்கூட்டரில் வந்த ஓர் அம்மா கேட் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு முன், இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்னொருவர் விழக்கூடாது. கேட் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு, முக்கால் இன்ச் ஜல்லி, கால் இன்ச் ஜல்லி, கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது விழும் தூள்) மூன்றையும் லேசான ஈரத்தோடு கலந்து நிரப்பி, திமிசுக் கட்டையால் நன்றாக இடித்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பரவாயில்லை. வாரம் ஒருமுறை வாட்ச்மேனை வைத்து மேலே போட்டு இடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். சிமென்ட் மட்டும் வேண்டாம், பிறகு வெட்டி எடுப்பது இரட்டை வேலை.

இனி நிரந்தர வேலை. உங்கள் கடிதத்தில் கான்ட்ராக்டர், கொத்தனார், உறுப்பினர் மூவருமே ஆளுக்கொரு மருந்தை மூன்று பள்ளத்துக்கும் சேர்த்தே சொல்கிறார்கள். என் கருத்தில் சிக்கல் அங்கேதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்த மூன்றும் ஒரே பள்ளம் அல்ல. ஒன்று தண்ணீரால் வந்தது, ஒன்று எடையால், ஒன்று ஆயிலால். காரணத்தை விட்டுவிட்டு மேலே எதைக் கொட்டினாலும் அடுத்த மழையில் அதே இடத்தில் பள்ளம் நிற்கும்.

நான் சொல்வதை நம்பிவிட வேண்டாம், நீங்களே பாருங்கள். பள்ளத்தின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தார்த் துண்டு ஒன்றைக் கையால் பெயர்த்தெடுத்து உடையுங்கள். உள்ளே இருக்கும் ஜல்லி கழுவிவிட்டாற்போல் சாம்பல் நிறத்தில், தார்ப் பூச்சே இல்லாமல் இருந்தால் தண்ணீர் நாள்கணக்கில் உள்ளே நின்று ஜல்லியிலிருந்து தாரைப் பிரித்துவிட்டது என்று பொருள். துண்டு கருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் காய்ந்த வெல்லக்கட்டி மாதிரி மொறுமொறுவென்று உடைகிறது என்றால் வெயிலில் தார் கிழடுதட்டிவிட்டது. விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று நசுங்கி, வண்டி ஷெட் வாசனை வந்தால் ஆயில். அப்புறம் பள்ளத்தின் நடுவில் கடப்பாரையை ஒரு போடு போடுங்கள். ணங்கென்று கல்லில் பட்டு நின்றால் அடித்தளம் பிழைத்திருக்கிறது. சேற்றில் போவதுபோல் அரை அடி இறங்கினால் அடித்தளமே போய்விட்டது. மேலே தார் போடுவது பற்றிய பேச்சே அப்போது வீண். மூன்று பள்ளத்திலும் இதைச் செய்துவிட்டு, நான்கைந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு கான்ட்ராக்டரோடு பேச உட்காருங்கள்.

கேட் பக்கத்துப் பள்ளத்திலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் சொல்ல வேண்டியது அதிகம்.

உங்கள் கேட்டுக்குக் குறுக்கே கம்பிவலையோ துளை போட்ட சிலாப்போ மூடிய ஒரு சிறு கால்வாய் இருக்க வேண்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சென்னையில் பெரும்பாலான வளாகங்களில் கட்டியது. அதன் மூடியைத் திறந்து பாருங்கள். இலையும் மண்ணும் பால் கவரும் அடைத்துக் கிடந்தால், பள்ளத்தின் தாய் அதுதான். வளாகத்தில் விழும் மழையெல்லாம் கேட்டை நோக்கி ஓடிவந்து, இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. வெளியே தெருவை மேலே மேலே உயர்த்திப் போட்டிருந்தால் தெருத் தண்ணீரும் உள்ளே வரும். கார் கழுவும் தண்ணீர், ஏசி குழாய்ச் சொட்டு எல்லாமும் சேர்ந்துகொள்ளும்.

தண்ணீர் மேலே நின்றால் மட்டும் தார் கெடாது. உள்ளே இறங்க வேண்டும். குடியிருப்பு வளாகங்களில் பெரும்பாலும் போடுவது 20 மில்லிமீட்டர் கனமுள்ள ஜல்லித் தார்க் கார்ப்பெட். அது இயல்பிலேயே ஓட்டை ஓட்டையானது. அதனால் அதன் மேல் சீல் கோட் என்று ஒரு அடைப்புப் படலம் கட்டாயம் போட வேண்டும் என்பது விதி. எஸ்டிமேட்டில் இருக்கும், தரையில் இருக்காது. சீல் கோட் இல்லாத கார்ப்பெட் முதல் மழையிலிருந்தே தண்ணீரை உள்ளே விடுகிறது. கீழே ஜல்லி அடுக்கு ஊறிப்போகும். அந்த நேரத்தில் மேலே வண்டி ஏறினால், அழுத்தத்தில் தண்ணீர் விரிசல் வழியாக மேலே பீச்சி அடிக்கும். அடிக்கிற தண்ணீரோடு ஜல்லிக்கு இடையில் இருந்த பொடி மண்ணும் வெளியே வந்துவிடும். மழை விட்ட மறுநாள் விரிசல் ஓரமாகச் செம்மண் கறையோ சாம்பல் கறையோ படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உங்கள் அடித்தளம்தான். பொடி போனதும் உள்ளே வெற்றிடம், மேலே முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிப்பு, அதில் ஒரு கட்டம் பெயர்ந்ததும் பள்ளம். பள்ளம் கண்ணில் படுவதற்கு ஓரிரு வருடம் முன்பே உள்ளே வேலை தொடங்கிவிடுகிறது.

ஆகவே இங்கே முதல் வேலை கால்வாயைத் தூர்வாருவது. தண்ணீர் இறங்க வேண்டிய உறிஞ்சு கிணறு வரை வழி சுத்தமாக இருக்க வேண்டும். ஒட்டு வேலை அதற்குப் பிறகு. மழையில்லாத நாளிலும் பள்ளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தால், கீழே போகும் குடிநீர்க் குழாயையோ கழிவுநீர்க் குழாயையோ சோதித்துவிட்டுத்தான் மற்றது.

சரி, ஒட்டு வேலையை எப்படிச் செய்ய வேண்டும்? கடையில் வாங்கிய மூட்டையை இருக்கிற பள்ளத்தில் கொட்டி மிதிப்பது ஒட்டு அல்ல. பள்ளத்தைச் சுற்றி ஓரம் எங்கே உறுதியாக இருக்கிறது என்று கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடமெல்லாம் போக வேண்டியதுதான். உறுதியான பகுதிக்குள் இன்னும் நான்கு முதல் ஆறு அங்குலம் தள்ளி, சாக்பீஸால் நேர்கோட்டில் செவ்வகம் போடுங்கள். கட்டிங் மெஷினால் அந்தக் கோட்டில் செங்குத்தாக வெட்ட வேண்டும். கான்ட்ராக்டரின் ஆள், "எதுக்கு சார் நல்ல ரோட்டை வெட்டணும்?" என்று கேட்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். ஓரம் சரிவாக, தட்டு மாதிரி இருந்தால், புதிய கலவை அங்கே விரல் கனத்துக்கு மெலிந்து முடியும். சக்கரம் ஏறும்போது முதலில் உடைவது அந்த மெலிந்த இடம். செங்குத்துச் சுவர் இருந்தால் கலவை நான்கு பக்கமும் முட்டிக்கொண்டு இறுகும்.

உள்ளே இருக்கும் தளர்ந்த ஜல்லி, சேறு, போன வருட சிமென்ட் எல்லாவற்றையும் அள்ளி எறிந்து, உறுதியான தளம் வரும்வரை தோண்ட வேண்டும். உங்கள் பகுதியில் அடியில் களிமண் இருக்க வாய்ப்புண்டு. ஈரமான களிமண் தென்பட்டால் அதையும் எடுத்துவிட்டு ஜல்லி போடுங்கள். பிறகு வெட் மிக்ஸ், அதாவது பல அளவு ஜல்லியும் டஸ்ட்டும் சரியான ஈரத்தில் கலந்த கலவையை, மேலே 5 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு நிரப்பி இடிக்க வேண்டும். ஆழம் அதிகமென்றால் மொத்தமாகக் கொட்டாமல், 7, 8 சென்டிமீட்டர் அடுக்காக. இதற்கு பிளேட் காம்பாக்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்த இயந்திரம் வராமல் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். ஒட்டு வேலைகள் தோற்பதற்குக் கலவையைவிட இடிப்பின் குறைதான் பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது எமல்ஷன். இது தண்ணீரில் மிக நுண்ணிய துளிகளாகக் கலந்த தார், காய்ச்ச வேண்டியதில்லை. முதலில், இடித்த ஜல்லித் தளம் குடிக்கும்படி மெதுவாக உடையும், அதாவது தண்ணீரும் தாரும் மெதுவாகப் பிரியும் வகை எமல்ஷனைத் தெளித்து ஒருநாள் விட வேண்டும். அதன் மேல், வேகமாக உடையும் வகையைச் சதுர மீட்டருக்குக் கால் கிலோ அளவில் பிரஷ்ஷால் பூச வேண்டும். வெட்டிய நான்கு சுவர்களிலும் மறக்காமல் பூச வேண்டும். பழைய தாருக்கும் புதிய கலவைக்கும் இடையிலுள்ள இணைப்பில்தான் முதல் தண்ணீர் இறங்கும். பூசும்போது எமல்ஷன் பழுப்பு நிறத்தில் இருக்கும். பார்த்துக்கொண்டே இருங்கள், தண்ணீர் பிரிந்ததும் கருப்பாக மாறும், விரலில் ஒட்டும். கருப்பானதும்தான் கலவையைக் கொட்ட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் இடையில் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், பிடிப்பு வராது. அதே போல, நிறையப் பூசினால் நன்றாக ஒட்டும் என்று குளம் கட்டவும் கூடாது; புதிய அடுக்கு அதன் மேல் வழுக்கி நகரும்.

மேல்கலவைக்கு வருவோம். ஹாட் மிக்ஸ், அதாவது பிளான்ட்டில் சூடாகக் கலந்து வரும் தார்க் கலவைதான் நல்லது, சந்தேகமே இல்லை. சாதாரணமாகப் பயன்படும் விஜி-30 என்ற வகைத் தாரில் பிளான்ட்டிலிருந்து 150 டிகிரிக்கு மேல் சூட்டோடு கிளம்பி, 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் வேலை முடிந்துவிட வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ சில நூறு கிலோ. நகருக்கு வெளியே இருக்கும் பிளான்ட்டிலிருந்து அந்த அளவுக்கு லாரி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் கொஞ்சக் கலவை சீக்கிரம் ஆறிவிடும். பக்கத்து வளாகங்களிலும் இதே தொல்லை இருக்கும், நாலைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரே நாளில் ஒரு லாரி வரவழைத்தால் கட்டுப்படியாகும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தெருவில் மாநகராட்சி வேலைக்கு வந்த லாரியிலிருந்து "மிச்சம் இருக்கு சார்" என்று மலிவாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது தெருவுக்கு விழ வேண்டிய கனம், பொதுப்பணம். வாங்க வேண்டாம்.

லாரி சாத்தியமில்லை என்றால் உங்கள் உறுப்பினர் சொன்ன மூட்டைக் கலவை சரியான தேர்வே. அவர் சொன்னதில் "கொட்டிவிடலாம்" என்பதுதான் பிழை. வெட்டுதல், இடித்தல், எமல்ஷன் எல்லாமே அதற்கும் உண்டு. இந்தக் கலவையில் கரைப்பான் சேர்த்துச் செய்யும் வகைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் ஐஆர்சி 116 என்று தனி வரையறையே வெளியிட்டிருக்கிறது. அதன்படி தயாரித்ததா என்று கடையில் கேளுங்கள். மூட்டையில் தயாரிப்புத் தேதி பாருங்கள். கையால் அழுத்தினால் கலவை உதிரியாக நகர வேண்டும்; கல்லாய் இறுகியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். கரைப்பான் கலந்த வகையும் உண்டு, எமல்ஷன் வகையும் உண்டு. எமல்ஷன் வகை காய்ந்துதான் இறுகும் என்பதால் ஈரத்தில் போடக்கூடாது. கரைப்பான் வகை ஈரத்தைக் கொஞ்சம் பொறுக்கும், ஆனால் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அதன் மேல் காரை நிறுத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உரிந்து வரும்.

எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்த்துவிடுவோம். கேட் பள்ளத்தை 120-க்கு 100 சென்டிமீட்டராக வெட்டுகிறீர்கள், மேல்கலவை 5 சென்டிமீட்டர் என்று வையுங்கள். கன அளவு 0.06 கன மீட்டர். இறுகிய கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,200 கிலோ. ஆக 130 கிலோவுக்குச் சற்று மேல், 25 கிலோ மூட்டையில் ஆறு. இரண்டு மூட்டை போதும் என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு சென்டிமீட்டர்கூடப் போடப்போவதில்லை. இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொன்றையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இடிக்க வேண்டும். உதிரியாகப் பரப்பியது இடித்தபின் நாலில் ஒரு பங்கு வரை தாழும் என்பதால் அதற்கேற்பத் தூக்கிப் பரப்புங்கள். முடிந்தபின் சுற்றுத் தரையைவிட 5 மில்லிமீட்டர் உயரமாக நிற்பது நல்லது, வண்டிகள் ஓட ஓட அமுங்கும். டயரில் ஒட்டாமலிருக்க மேலே கொஞ்சம் டஸ்ட் தூவி, நான்கு ஓரத்திலும் எமல்ஷனை இரண்டு அங்குல அகலத்துக்குப் பூசிவிட்டால் கேட் வேலை முடிந்தது.

சம்ப் பக்கத்துப் பள்ளத்தில் தார் ஒட்டுப் போடவே வேண்டாம் என்பது என் யோசனை.

அங்கே நிற்பது 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டும் 12 டன். வண்டியோடு சேர்த்து 18 டன்னை நெருங்கும். இதை ஒரு காரோடு ஒப்பிட்டால் பதினைந்து மடங்கு எடை, அவ்வளவுதானே என்று தோன்றும். சாலைக்கு அந்தக் கணக்கு இல்லை. அச்சில் விழும் எடை இரண்டு மடங்கானால் தரைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்பதை 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனிச் சாலை போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்து அறிந்தார்கள். எடையின் நான்காம் மடி என்ற அந்தக் கணக்கில்தான் இன்றும் நம் நாட்டிலும் சாலைக் கனத்தை முடிவு செய்கிறோம். காரின் ஓர் அச்சில் 600 கிலோ, நிறைந்த லாரியின் பின் அச்சில் 11 டன் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். லாரி ஒருமுறை வந்து போவது, கார் ஒரு லட்சம் முறைக்கு மேல் போய் வருவதற்குச் சமம். அந்த லாரி நின்ற இடத்தில் நின்றபடி சக்கரத்தைத் திருப்புகிறது. ஹோஸிலிருந்து ஒழுகும் தண்ணீர் அதே இடத்தில் கொட்டுகிறது. சித்திரை வெயிலில் இளகிப்போன 20 மில்லிமீட்டர் கார்ப்பெட் இதற்கு எப்படித் தாங்கும்? அது காருக்காகப் போட்டது.

ஆகவே லாரி நிற்கும், திரும்பும் இடத்தை மட்டும் அளந்து, தாரையும் பழைய ஜல்லியையும் அகற்றி, கீழே 15 சென்டிமீட்டர் வெட் மிக்ஸை இடித்து, அதன் மேல் 20 சென்டிமீட்டர் கனத்தில் எம்-30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் போடுங்கள். கொத்தனார் போன வருடம் செய்ததும் சிமென்ட் வேலைதானே, அது ஏன் நிற்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் போட்டது சில சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வில்லை. தார்த்தளம் எடைக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், சிமென்ட் வளையாது; சுற்றிலும் அமுங்க, நடுவில் அது மட்டும் துருத்திக்கொண்டு நின்று, ஓரம் உடைந்து கழன்றுவிடும். கீழே தளமும் இல்லாமல், தண்ணீரும் வெளியேறாமல் இருந்தால் கேட்கவே வேண்டாம். கான்கிரீட் நிற்க வேண்டுமென்றால் அது தன் எடையையும் லாரி எடையையும் பரப்பித் தாங்கும் அளவுக்குப் பெரிய பலகையாக இருக்க வேண்டும்.

பலகைக்கு சம்ப் மூடியிலிருந்து வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள், மீட்டருக்கு 2 சென்டிமீட்டர். ஒழுகும் தண்ணீர் சம்ப்புக்குள்ளும் போகக்கூடாது, தாருக்கும் பலகைக்கும் இடையிலும் இறங்கக்கூடாது. அந்த இணைப்பைத் தாரால் அடைத்துவிடுங்கள். லாரி சக்கரம் சம்ப்பின் கூரைப் பலகை மேல் ஏறாதபடி ஒரு தடுப்புக்கட்டையும் வையுங்கள். கட்டட இன்ஜினியரிடம் காட்டாமல் சம்ப் கூரை மேல் எந்த எடையும் வேண்டாம்.

கான்கிரீட்டை 14 நாள் ஈரச்சாக்கு மூடி நனைத்து, 28 நாள் வரை லாரியை ஏற்றாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு மாதம் லாரிக்காரர் கேட் பக்கம் நின்று நீள ஹோஸ் போட்டுத் தண்ணீர் இறக்க ஒப்புக்கொள்கிறாரா என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் முடியாது என்றால் பேவர் பிளாக் போடலாம். ஆனால் நடைபாதைக்குப் போடும் 60 மில்லிமீட்டர் கல் இங்கே உதவாது. கனரக வண்டிக்கு இந்தியத் தரக்குறிப்பு சொல்வது 100 மில்லிமீட்டர், எம்-50. ஒன்றோடொன்று கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும் வடிவமாகவும், நான்கு பக்கமும் கெர்ப் கல் வைத்து இறுக்கியதாகவும் இருக்க வேண்டும்.

பார்க்கிங் பள்ளம் சின்ன விஷயம். கார் நிற்கும் ஒரே இடத்தில், அதுவும் இன்ஜினுக்கு நேர் கீழே இருந்தால் ஆயில் சொட்டுகிறது. தாரும் பெட்ரோலியக் குடும்பம்தான். ஆயிலும் டீசலும் அதைக் கரைத்துவிடும். சோப்புத்தூள் போட்டுத் தேய்ப்பதால் மேல்கறைதான் போகும், இளகிய தார் இளகியதுதான். இளகிய பகுதி முழுவதையும் வெட்டி எடுத்து, கேட்டுக்குச் சொன்ன முறையிலேயே ஒட்டுப் போடுங்கள். அதற்கு முன் அந்த வண்டிக்காரரிடம் மெதுவாகச் சொல்லி ஒழுகலைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அது நடக்காது போலிருந்தால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பேவர் பிளாக் போட்டுவிடுங்கள். கார் மட்டும் நிற்கும் இடம் என்பதால் இங்கே 60 மில்லிமீட்டரே போதும்.

இப்போது உங்கள் கான்ட்ராக்டரின் யோசனை. மூன்று பள்ளத்துக்காக முழுத் தளத்தின் மேலும் ஒன்றரை இன்ச் தார் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கீழே செத்துப்போன தளம் அப்படியே இருக்கும். அதன் வெடிப்புகள் ஓரிரு வருடத்தில் புதிய அடுக்கிலும் அதே கோட்டில் எட்டிப் பார்க்கும். அதைவிட முக்கியம், உயரம். ஒன்றரை இன்ச் ஏறினால் ஸ்டில்ட் பார்க்கிங் அந்த அளவுக்குப் பள்ளமாகும், சேம்பர் மூடிகள் குழிக்குள் போகும், சம்ப் மூடியின் விளிம்பு தாழும், கேட் தரையில் உரசும். மடிப்பாக்கத்தில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கும் வராததற்கும் இடையில் இருப்பதே சில அங்குலம். சென்னைத் தெருக்களில் இப்படி மேலே மேலே போட்டுத்தான் பழைய வீடுகளெல்லாம் படியிறங்கிப் போக வேண்டிய நிலைக்கு வந்தன. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டதற்குக் காரணமும் அதுவே. தெருவுக்கு வேண்டாம் என்று சொன்னதை நம் வளாகத்துக்குள் நாமே செய்வானேன்?

மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதலைத் தோல் வெடிப்பு வந்திருந்தால் மட்டும் முழு வேலையை யோசிக்கலாம். அப்போதும் பழையதைச் சுரண்டி எடுத்து, கெட்ட தளத்தை மாற்றி, அதே மட்டத்துக்குப் போட வேண்டும். பிளாஸ்டிக் கலந்த கலவை கிடைக்குமா என்றும் அப்போது கேளுங்கள். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய முறை அது. சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துகள் உருகிப் படலமாய் ஒட்டிக்கொண்டபின் தார் சேர்ப்பதால், ஜல்லியிலிருந்து தண்ணீர் தாரைப் பிரிப்பது குறைகிறது. நம் ஊர் மழைக்கு ஏற்ற முறை.

கான்ட்ராக்டரிடம் "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரு வரி கொட்டேஷன் வாங்காதீர்கள். எத்தனை சதுர மீட்டர் வெட்டுவார், இடித்து இறுகியபின் கனம் எவ்வளவு, என்ன கலவை, எமல்ஷன் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஹாட் மிக்ஸ் என்றால் எடைமேடைச் சீட்டு வேண்டும். பணத்தில் பத்து சதவீதத்தை ஜனவரி வரை பிடித்துவைக்க ஒப்புக்கொள்பவரிடம் வேலையைக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழையைத் தாண்டி நின்ற ஒட்டுதான் ஒட்டு. வேலை முடிந்ததும் கொத்தனாரின் அலுமினிய மட்டப்பலகையை ஒட்டின் மேல் குறுக்கே வைத்துப் பாருங்கள், இடைவெளி 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பிறகு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நிற்காமல் கால்வாய்க்கு ஓட வேண்டும்.

இன்னொன்றையும் சங்கத்தின் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வளாகத்துக்குள் பீப்பாயை வைத்து விறகு எரித்துத் தார் காய்ச்ச அனுமதிக்காதீர்கள். அப்படிக் காய்ச்சும்போது சூடு கட்டுக்குள் இருக்காது. தார் கருகி அதன் பிடிப்பே போய்விடும். அது வேலைக்குக் கேடு, ஆட்களுக்கு அதைவிடப் பெரிய கேடு. காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொதிக்கும் தாரின் நடுவே நிற்கும் பெண்களையும் ஆண்களையும் நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டேதான் கடந்துபோகிறோம். பூட்ஸும் கையுறையும் கொட்டேஷனில் ஒரு வரியாக இருக்கட்டும், கொஞ்சம் கூடுதலானாலும் சங்கம் தரட்டும். யார் மேலாவது சூடான தார் பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் குளிர்விக்க வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்த்தெடுக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஒட்டு வேலையைச் செப்டம்பர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள். ஆடி, ஆவணியில் மாலை மழை வருவதுண்டு. காலையில் வெட்டி அன்றே மூடும் அளவுக்கு மட்டும் ஒரு நாளில் திறக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் பலகைக்கு ஒரு மாதம் வேண்டும் என்பதால் அதை முதலில் தொடங்குங்கள். மீதிச் சாலையில் ஆங்காங்கே இருக்கும் மயிரிழை விரிசல்களுக்கு எமல்ஷனை மெல்லிய படலமாகத் தெளித்தால் போதும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறந்தவற்றை ஊதிச் சுத்தம் செய்து, எமல்ஷனும் கிரஷர் டஸ்ட்டும் குழைத்து அடையுங்கள். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, அடுத்த பள்ளங்கள் வராமல் தடுப்பதும் இதுவே.

கேட்டுக்கு வெளியே, தெருவோடு சேரும் இடத்திலும் உடைந்திருந்தால் அதை உங்கள் கான்ட்ராக்டரை வைத்துச் செய்ய வேண்டாம். அது சென்னை மாநகராட்சியின் இடம். 1913-க்கு அழைத்துப் புகார் பதிந்து, எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சுரண்டாமல் மேலே போட வந்தால், வேலை தொடங்கும் முன்பே வார்டு அலுவலக இன்ஜினியரிடம் எழுத்தில் கொடுங்கள். போட்டபின் சொல்லிப் பயனில்லை.